பெரிதாக்கப் பெரிதாக்கத் தள்ளிப்போன முருகன்

என் மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்குள்ளே வீடு கட்டுகிறாள்" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. ஆனால் அது பொய்யில்லை. அவள் கட்டும் வீட்டுக்குள் திரையிலேயே நடந்து போகலாம். கதவைத் திறக்கலாம், சோபாவைத் தள்ளிப் போடலாம், கட்டில் போதவில்லை என்றால் பெரிதாக்கிக்கொள்ளலாம். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் ஜன்னலோரம் நின்று, காலை வெயில் எங்கே விழும் என்று பார்க்கலாம். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்தே இந்த வேலையைச் செய்வாள். பக்கத்தில் என் தையல் மிஷின். அது சத்தம் போடும், அவளுடையது போடாது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரரும் வீடு கட்டினவர்தான். கொள்ளேகால் பக்கத்திலிருந்து கல்யாணமான வருஷமே மைசூருக்கு வந்தோம். முப்பத்தைந்து வருஷம் கொத்தனார் வேலை. மருமகள் வந்த புதிதில் அவர் அவளைச் சீண்டுவார்.

"அம்முணி, உன்ற ஊட்டுக்குத் தளம் போட்டியே, மழைக்கு ஒழுகாதா?"

மருமகள் மண்டியா பக்கம். தாய்மொழி கன்னடம். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டாள். "எங்க கம்ப்யூட்டர் ஊர்ல மழையே நாங்க போட்டாத்தான் வரும் மாவா" என்பாள். மாமாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் உடம்பு குலுங்கச் சிரிப்பார். "கட்டுனா அப்படி ஒரு ஊர்ல கட்டோணும்."

பிறகு அவருக்குக் கண் போயிற்று. சர்க்கரை வியாதி. வலது கண்ணில் வெளிச்சம், நிழல் இரண்டும்தான். இடது கண்ணில் நடுவிலே ஒரு கறுப்பு. பார்க்கிற இடத்தில் யாரோ துணியைப் பிடித்தது போல இருக்கும் என்பார். பெரிய சாமான்களைத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, கறுப்புக்கு ஓரத்தில் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துவிடுவார். சின்னதெல்லாம் கறுப்புக்குள்ளேயே மறைந்துவிடும். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குக்கூட அவர் அவ்வளவு கலங்கவில்லை. கலங்கியது முருகன் முகத்துக்காக.

எங்கள் தெருவில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்த எங்கள் ஜனங்கள் சேர்ந்து எழுப்பியது. கர்ப்பக்கிரகச் சுவரை வைத்தவர் என் வீட்டுக்காரர். கட்டும்போது அதற்குள்ளே உட்கார்ந்து பீடி குடித்தவர்தான். கும்பாபிஷேகம் ஆன நாளிலிருந்து அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. தினமும் குளித்துவிட்டு அங்கே போய் நிற்பார். முருகன் முகத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் வேலை. முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் சாரத்தில் ஏறும்போது கால் நடுங்காது என்பார்.

கண் போன பிறகும் நாலைந்து மாதம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் அங்கேயே நின்று, "வெளக்கு தெரியுது. அதுக்குப் பின்னால ஒன்னுமே இல்ல. வெளக்கக் கும்புடறதுன்னா ஊட்டுலயே ஒன்னு இருக்குது" என்றார். மறுநாளிலிருந்து வரவில்லை. நான் மட்டும் போய்த் திருநீறு கொண்டுவருவேன். நெற்றி நிறையப் பூசிக்கொள்வார்.

மருமகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கோயில் காலண்டரில் இருக்கும் முருகன் படத்தை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இது காலண்டரு அம்முணி" என்றார். "நான் கேக்கறது கோயில்ல நின்னு பாக்கறது." அவள் டிவியை அணைத்தாள். சமையலறைக்கு வந்து என் காதோரம், "அத்தே, கோயிலையே கட்டிடலாமா?" என்றாள்.

மாமாவுக்குத் தெரியாமல் செய்து முடித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நாங்கள் இரண்டு பேரும் பூசாரியிடம் போனோம். அவர் ஹனூர்ப் பக்கத்துக்காரர், எனக்குத் தம்பி முறை.

"சாமிய போட்டோ புடிக்கக் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்கறேன். எழுதுனதே உங்கூட்டுக்காரரு. நீங்களே வந்து கேட்டா எப்படிங்க்கா?"

"போட்டோ வேண்டாம் ஸ்வாமி, அளவு மட்டும் போதும்" என்றாள் மருமகள். நான் தையல் டேப்பை இடுப்பிலிருந்து எடுத்தேன். பூசாரி இரண்டடி பின்னால் போனார்.

"ஆளுக இடுப்பளவு எடுக்கற டேப்புங்களா? அத உள்ள கொண்டுட்டுப் போறதா?"

அதுவும் நியாயம்தான். புது வெள்ளை நூல்கண்டு ஒன்றை வாங்கி மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தோம். நூலின் ஒரு நுனியை நான் நிலைப்படிக் கல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். மறுபக்கத்தைப் பூசாரி உள்ளே கொண்டுபோனார். விளக்கு தொங்கும் இடத்துக்கு நேரே ஒரு முடிச்சு. பீடம் தொடங்கும் இடத்தில் ஒன்று. பாதத்துக்கு நேரே ஒன்று. பின்சுவரில் ஒன்று. உயரங்களை வாயாலேயே சொன்னார்: சாமி மூன்றடி, பீடம் இரண்டடி, மேல்தளம் ஒன்பதடி. வீட்டுக்கு வந்து நூலைத் தரையில் நீட்டி அளந்தோம். நிலைப்படியிலிருந்து பாதம் எட்டடி, பின்சுவர் பத்தடி. என் விரலுக்கடியில் ஆரம்பித்த நூலில் முருகன் வந்து சேர்ந்ததில் எனக்குப் பெருமைகூட. மருமகள் எல்லா அளவையும் அப்படியே கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலை. காலண்டர்ப் படத்தைப் பார்த்து, களிமண் பிடிப்பது போலக் கம்ப்யூட்டர் எலியை நகர்த்தி நகர்த்தி முருகனைச் செய்தாள். நடுநடுவே என்னைக் கேட்பாள். "அத்தே, வேல் பிடிச்சிருக்கிற கையில சுண்டு விரல் மடங்கியிருக்கா, நீட்டியிருக்கா?" எனக்குத் தெரியாது. தினமும் போகிறவள், தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். தண்டையில் எத்தனை மணி? மார்பில் பதக்கம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? அவள் கேட்டுக் கேட்டுத்தான் நான் முருகனைச் சரியாகப் பார்க்கவே ஆரம்பித்தேன். எந்த வீட்டில் பிறந்த பெண்ணோ, என் சாமியை எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மகன் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். டிவியில் கோயில் வந்தது. கறுப்புக் கல் வாசல் நிலை, இருட்டு, சங்கிலியில் தொங்கும் விளக்கு, அதற்குப் பின்னால் முருகன். விளக்குச் சுடர் ஆடியது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் முன்னால் குனிந்தார். தலையைச் சாய்த்தார். "அட, நம்ம கோயிலு! சங்கிலி மொதக்கொண்டு தெரியுது… மொகம்தான் தெரியல."

"கிட்டே போகலாம் மாவா" என்று மருமகள் ஒரு பட்டனை அழுத்தினாள். நிலை எங்களை நோக்கி வந்தது, இரண்டு பக்கமும் விலகிப் பின்னால் போகத் தொடங்கியது.

"நிறுத்து! நிறுத்தம்மா! நெலப்படி தாண்டுது!" அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டார்.

"மாவா, இது டிவி."

"டிவின்னா? நீ கட்டுனது கோயில்தான? கோயில்னா நெலப்படி இருக்கும். இத்தன வருசமா தாண்டாத கால, உக்கார வெச்சே தாண்ட வெக்கறயா?"

நான் சிரிக்கவில்லை. உண்மையில் என் கால்விரல்களும் மடங்கியிருந்தன. மருமகளும் சிரிக்கவில்லை. நான் அவளிடம் மதிப்பது இதைத்தான். வேறொருத்தி என்றால் கிழவருக்குப் பைத்தியம் என்று போயிருப்பாள். இவள் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "சரி மாவா. நீங்க உள்ளே வர வேண்டாம். இங்கேயே நில்லுங்க. அவரே பெரிசாகட்டும்."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. "சூரன் முன்னால விசுவரூபம் எடுத்தவருதான. அவரா பெருசானா நான் எதுக்கு வேண்டாங்கறேன்."

செவ்வாய்க்கிழமை காலை, அவள் ஆபீஸ் வேலை தொடங்கும் முன்னால், அது தயாராக இருந்தது. கையில் ஒரு ரிமோட், அதில் மேலும் கீழுமாக இரண்டு பெரிய பட்டன். மேல் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் முருகன் பத்தில் ஒரு பங்கு பெரிதாவார். வீட்டுக்காரர் குளித்து, திருநீறு பூசி, சட்டையில்லாமல் துண்டை இடுப்பில் கட்டி உட்கார்ந்தார். அழுத்தினார்.

முருகன் பெரிதாகவில்லை. விளக்கு இருந்த இடத்தில் இருந்தது. முருகன் பீடத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பி, விளக்குக்கு இன்னும் பின்னால் போய் நின்றார். இரண்டாவது தடவை அழுத்தினார். இன்னும் பின்னால். மூன்றாவது தடவை, பின்சுவருக்குள் உடம்பு புதைந்து வேலின் நுனியும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன. நான்காவதில் வெறும் சுவர். கீழே ஆளில்லாத பீடம். வீட்டுக்காரருக்கு மூக்கும் வேலும் தெரிந்திருக்காது. ஆனால் விளக்குக்குப் பின்னால் ஏதோ இருந்தது, இப்போது இல்லை என்பது தெரிந்துவிட்டது. அவர் அந்தச் சுவரைப் பார்த்து அழுத்திக்கொண்டே இருந்தார். ஐந்து, ஆறு, ஏழு. அப்புறம் ரிமோட்டை என் மடியில் வைத்தார்.

"போயிட்டாரு."

"ஏனுங்க, மிஷின்ல ஏதோ கோளாறுங்க…"

"மிஷினு இல்ல புள்ள." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "ஆஸ்பத்திரியில டாக்டரு சொன்னாரே, அன்னிக்கு. நீ மருந்து வாங்கப் போயிருந்த. வெளிய பெஞ்சுல உக்காந்து முருகங்கிட்ட நான் சொன்னேன். உன்ன நான் பாக்க முடியாதுன்னா நீயும் என்னப் பாக்க வேண்டாம், போன்னு. வாயாலயே சொன்னேன். போயிட்டாரு."

இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. மருமகள் என் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவரே வேண்டாம்னு போனதுக்கப்புறம் பூசிக்கிட்டு என்ன பண்ண?" மறுநாளும் அப்படியே. கல்யாணமான நாளிலிருந்து அந்த நெற்றியை நான் வெறுமனே பார்த்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் பூசியிருந்தார். கண் போனது எனக்கு அவ்வளவு பயமாக இல்லை. இது பயமாக இருந்தது. இந்த மனுஷன் இப்படியே சாமியில்லாமல் மீதிக் காலத்தைக் கழித்துவிடுவாரோ?

மருமகள் இரண்டு நாள் லீவு போட்டாள். சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். புதன்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"எழுதினதுல ஒண்ணும் தப்பில்ல அத்தே. பெரிசாக்குன்னு சொன்னேன், பெரிசாக்கியிருக்கு. உள்ளே அளந்து பாத்தேன். பத்துத் தடவை அழுத்தினா முருகன் நிஜமாவே ரெண்டு மடங்கு ஆகறார். ஆனா ரெண்டு மடங்கு தூரமும் போறார்."

"அப்ப மாமா சொல்றது நெசந்தானா?"

அவள் என்மேல் முதல் தடவையாகக் கோபப்பட்டாள். "இல்ல அத்தே! சாமி எதுக்குப் போவார்? நான்தான் எங்கேயோ அனுப்பி வெச்சிருக்கேன். எங்கேன்னு தெரியல, அதான்."

சொல்லிவிட்டு விரலைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். திடீரென்று, "அந்த நூல்… நீங்க எங்கே பிடிச்சிட்டிருந்தீங்க?" என்றாள்.

"நெலப்படியிலதான். உள்ள எப்படிப் போறது?"

"எல்லா முடிச்சும் அங்கிருந்துதானே?"

"ஆமா."

"அய்யோ தேவரே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்றும் புரியாமல் நான் முழித்தேன். அவள் என் தையல் பெட்டியைக் கவிழ்த்து, பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கில் ஒரு முழம் வெட்டினாள். ஒரு நுனியை மேஜை விளிம்பில் குண்டூசியால் குத்தினாள். மறு நுனிக்குப் பக்கத்தில் பேனாவால் பட்டாணி அளவு ஒரு பொட்டு வைத்தாள்.

"குண்டூசி இருக்கிறது நிலைப்படி. நம்ம நிக்கிற இடம். அங்கிருந்துதான் நூல் ஆரம்பிச்சது. அதனால கம்ப்யூட்டருக்கு அதுதான் ஜீரோ. இந்தப் பொட்டு முருகன். இப்ப நீங்க இழுங்க."

இழுத்தேன். பட்டாணி நீண்டு அவரைக்காயானது. ஆனபடியே குண்டூசியை விட்டுத் தள்ளி ஓடியது.

"பெரிசாச்சா? ஆச்சு. ஓடிச்சா? ஓடிச்சு. குண்டூசி இருக்கிற இடம் மட்டும்தான் அசையாம நிக்கும். மத்ததெல்லாம் அதை விட்டுத் தள்ளிப் போகும். ரெண்டு மடங்கு ஆனவர் ரெண்டு மடங்கு தள்ளி நின்னா நம்ம கண்ணுக்கு அதே அளவுதான். அதான் மாவாவுக்குப் பெரிசாவே தெரியல."

பிறகு குண்டூசியைப் பிடுங்கி, பொட்டின் மேலேயே குத்தினாள். இரண்டு நுனியையும் இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். பொட்டு இருந்த இடத்திலேயே இருந்து இரண்டு பக்கமும் விரிந்தது. ஒரு நூல்கூட நகரவில்லை.

நான் அந்த எலாஸ்டிக்கை விடாமல் நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தேன். நாங்கள் நிற்கிற இடத்தை அசையாத இடமாக வைத்துக்கொண்டு, சாமியைப் பெரிதாகு, பெரிதாகு என்று கேட்டிருக்கிறோம். அவர் என்ன செய்வார், தள்ளித்தானே போக வேண்டும். அசையாத இடம் அவருடையதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எட்டாவது படித்த எனக்குக் கணக்கு அன்றுதான் இவ்வளவு நெஞ்சுக்குள் இறங்கியது.

"இப்ப என்ன பண்ணணும்?"

"மூணு வேலை அத்தே. மொதல்ல முருகனை அவர் இடத்துல இருந்து ஜீரோவுக்குக் கூட்டிட்டு வரணும். அங்கே வெச்சுப் பெரிசாக்கணும். அப்புறம் திரும்ப அவர் இடத்துலயே கொண்டுபோய் நிறுத்தணும்."

"நெலப்படிக்குக் கூட்டிட்டு வரதா? பொறப்பாடு மாதிரியா?"

அவள் கொஞ்சம் யோசித்து, "ஆமா, புறப்பாடுதான். போய்ட்டு வந்தது யாருக்கும் தெரியாது. அவ்வளவு வேகம்" என்றாள்.

நான் ஒரு காபி போட்டு வருவதற்குள் எழுதிவிட்டாள். அழுத்தினாள். முருகன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மார்பு அகன்றது, முகம் விரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிடப் போனவள் வழக்கம்போலப் பாதத்தைத் தேடினேன்.

"பாதம் எங்க கண்ணு?"

பாதம் இல்லை. இன்னும் இரண்டு தடவை அழுத்தினாள். கணுக்காலும் மறைந்தது. விட்டால் முழங்கால் வரைக்கும் பீடத்துக்குள் இறங்கிவிடுவார் போலிருந்தது. பொட்டு இரண்டு பக்கமும் விரிந்ததே, அதே மாதிரி மேலேயும் கீழேயும் சமமாக வளர்ந்திருக்கிறார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இடுப்புல குத்திட்டேன் அத்தே. பாதத்துல குத்தணும்."

"பாதத்துல குத்தறதுன்னு சொல்லாத. வெக்கறதுன்னு சொல்லு."

"சரி, பாதத்துல வெக்கறேன்." கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்புறமும் இரண்டு திருத்தம் வந்தது. வேலாயுதத்தைத் தனிச் சாமானாகச் செய்திருந்தாள், அதனால் கை பெரிதாகியும் வேல் பழைய அளவிலேயே குச்சி போல நின்றது; அதைக் கையோடு சேர்த்துக் கட்டினாள். பாதம் பெரிதாகிப் பீடத்தின் விளிம்பைத் தாண்டியது. பீடத்தை உயரம் கூட்டாமல் அகலத்தில் மட்டும் வளரவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் எது அசையக் கூடாதோ அதை முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் மற்றதைத் தொட்டாள். எத்தனை பேருக்கு இந்தப் பொறுமை வரும்?

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மருமகள் போய்க் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"மாவா, தப்பு என்னோடது."

"சமாதானம் சொல்லாத அம்முணி. பொட்டாட்டப் பேசாம போ."

"சமாதானம் இல்ல. அளவெல்லாம் நிலைப்படியில இருந்து எடுத்தோம். பெரிசாக்கினதும் அங்கிருந்தே ஆயிடுச்சு. அதான் தள்ளிப் போச்சு."

வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். பிறகு அவர் முதுகு லேசாக அசைந்தது.

"நூல் கட்ட மொளக்குச்சி எங்க அடிச்ச?"

"நிலைப்படியில."

"நெலப்படியிலயா?" திரும்பிப் படுத்தார். "சாமிக்கு அளக்கறதுக்கு நெலப்படியில மொள அடிச்சியா? கெட்டுது போ!" எழுந்து உட்கார்ந்தார். "மேஸ்திரிகிட்ட நான் மொத அடி வாங்குனதே இதுக்குத்தான். ரூமுக்குக் குறி போடச் சொன்னா, கேட்டுல இருந்து அளந்து போட்டேன். ஊட்டுக்காரன் அந்தக் கேட்டையே அக்கட்டால நகத்துனான். என்ற ரூமும் கூடவே நகந்து பக்கத்து சைட்டுக்குப் போயிருச்சு."

நான் கதவோரம் நின்றபடி வாயைப் பொத்திச் சிரித்தேன்.

"யாரு அளந்தது? இவளா?"

"நாந்தானுங்க நூலப் புடிச்சேன்."

"புடிச்ச ஆளப் பாரு. அவரு எங்கயும் போகல, நீங்க ரெண்டு பேரும் சேந்து தள்ளி உட்டிருக்கறீங்க. மொதல்லயே என்னக் கேட்டா என்ன?"

"உங்களுக்குத் தெரியாம செய்யணும்னு…" என்று மருமகள் இழுத்தாள்.

"செஞ்சீங்க போ. இப்ப மொள எங்க இருக்குது?"

"பாதத்துல மாவா."

அவர் எழுந்தார். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார். சுவரைத் தொட்டுக்கொண்டே நடு அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரிமோட்டைக் கையில் கொடுத்தோம். கட்டைவிரல் பட்டன் மேலேயே நின்றது, அழுத்தவில்லை. முளை, அளவு எல்லாம் புரிந்த மனுஷனுக்கும் உள்ளே அந்தப் பயம் போயிருக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "மறுபடியும் போயிட்டாருன்னா?"

"போனா நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் மருமகள்.

அழுத்தினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்கு முன்னால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். அன்றைக்கு முருகன் சுவருக்குள் போனது மூன்றாவதில்தான். அழுத்தினார். பாதம் பீடத்தில் இருந்தது. நான் பார்த்தேன், ஒரு நெல்மணி அளவுகூட விலகவில்லை. தண்டை, முழங்கால், பதக்கம் எல்லாம் அந்தப் பாதத்திலிருந்து மேலே மேலே எழுந்து வந்தன. நான்கு. ஐந்து. விளக்கு இருந்த இடத்திலேயே எரிந்தது. அதன் வெளிச்சத்தை மீறி முகம் வளர்ந்தது. அவர் தலையை இடது பக்கம் சாய்த்தார். முகத்தைக் கறுப்புக்கு ஓரமாகக் கொண்டுவருகிறார் என்று எனக்குத் தெரியும். ஆறு. ஏழு.

"கண்ணு" என்றார்.

மருமகள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒன்னு… இரு… ரெண்டும். சிரிக்கறாப்பல இருக்குது. கடைசியா பாத்த அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்துது."

எட்டு, ஒன்பது, பத்து. சட்டென்று கையை எடுத்தார். "அம்முணி, மேல ஒம்போதடிதான் தளம். கிரீடம் முட்டிரும், பாத்துக்கோ. நான் போட்ட சிலாப்பு அது."

"முட்டாது மாவா. பத்துக்கு மேல போகாத மாதிரி வெச்சிருக்கேன். இன்னும் ஒரு அடி இருக்கு."

"அப்பச் செரி." என் பக்கம் கையை நீட்டினார். "இந்தா புள்ள, அந்தத் திருநீறு."

இரண்டு நாளாக முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தேன். அள்ளிப் பூசிக்கொண்டார். மூக்கின் மேலும் மடியிலும் கொட்டியது. உதடு அசைந்தது, முருகனிடம் என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. மருமகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் போன் வருகிறது என்று எழுந்து போனாள். அப்போது எந்தப் போனும் அடிக்கவில்லை. அவள் காலடியில் விழுந்துவிடலாம் போல எனக்கு இருந்தது. வயதில் சின்னவள், விழக்கூடாது. பின்னாலேயே போய் அவள் தலையில் கை வைத்து, நன்றாயிரு என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் சோறு போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வரவில்லை. ரசம் ஆறுகிறது என்றேன். பத்திலிருந்து ஒன்றுக்கு இறக்கி, மறுபடி பத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை போய்த் தோளைத் தொட்டேன்.

"ஏனுங்க, சாப்ட்டுட்டு வந்து பாருங்க. அவரு எங்க போகப் போறாரு?"

"நீ போடு, வர்றேன்" என்றார், தலையைச் சாய்த்தபடியே. "இரு, இன்னும் காது பாக்கல."

நான் தட்டை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.